பிள்ளை அழ முன்னமே முழிப்பு வருகிறது. இது எனக்கு மட்டுமா?

கொக்குவில்_மின்மினி (இரவு 2.52)

எல்லாருக்கும் வணக்கம். இந்த நேரத்தில் வணக்கம் சொல்வது சரியோ தெரியவில்லை. மகனுக்கு இன்றைக்குப் பதினொரு கிழமை. முதற்பிள்ளை.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். முதலாவது, அவன் அழத் தொடங்க முன்னமே எனக்கு முழிப்பு வந்துவிடுகிறது. ஏணைக்குள் கால் அசைகிற சரசரப்பு, மூக்கால் ஒரு 'ங்', அவ்வளவுதான். நான் எழும்பி இருந்துவிடுவேன். பக்கத்தில் இவர். போன கிழமை முற்றத்துத் தென்னையில் இருந்து தேங்காய் தகரத்தில் விழுந்தபோதும் புரண்டு படுத்த மனுசன். அதோடு நின்றால் பரவாயில்லை. கிணற்றடியில் மோட்டர் ஓடினால் அந்த இரைச்சலுக்குள் பிள்ளை அழுவது கேட்கிறது. சவர்க்கார நுரையோடு ஓடி வந்து பார்த்தால் அவன் அம்மாவின் மடியில் நல்ல நித்திரை. நேற்று மட்டும் மூன்று தரம்.

இரண்டாவது கொஞ்சம் வெட்கமான விஷயம். ஆஸ்பத்திரியில் அவனை முதன்முதல் நெஞ்சில் வைத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அழுகையும் இல்லை, சந்தோஷமும் இல்லை. 'சரி, முடிந்தது, தண்ணி தாருங்கோ' என்றுதான் இருந்தது. முகத்தைப் பார்த்தேன், யாரோ ஒருவருடைய பிள்ளை மாதிரி இருந்தது. பார்க்க வந்த ஆக்கள் 'தாயின்ரை முகத்தைப் பார், என்ன பூரிப்பு' என்றார்கள். இப்போது அவன் சிரித்தால் எனக்குள் ஏதோ உருகுகிறது. அப்போது ஏன் அது வரவில்லை? தாய்ப்பாசம் பிள்ளையோடு சேர்ந்து பிறக்கும் என்றுதானே சொல்லித் தந்தார்கள்?

அரியாலை_அம்மம்மா (காலை 5.15)

மகள், மனதைக் குழப்பாதேங்கோ. மூத்தவள் பிறந்தபோது நான் முதலில் கேட்டது பெடியனோ பெட்டையோ என்று இல்லை, சோறு இருக்கோ என்று. அந்த மோட்டர் விஷயம் எனக்கும் நடந்தது. அப்போது எங்கள் வளவில் மோட்டர் இல்லை, துலா. துலா கிரீச்சிட்டால் பிள்ளை வீரிடுவது போலவே இருக்கும். வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பிறகு பாதாளக் கரண்டி இரவல் வாங்கி வாளி எடுத்தது வேறு கதை.

பத்தியம் ஒழுங்காகச் சாப்பிடுங்கோ. நாவூறும் கழியுங்கோ, காசா பணமா.

வேலணைக்_காற்று (காலை 6.40)

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை, உளவியல் படிப்பிக்கிற ஆள். இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அதைக் கேட்கத்தான் முதலாவதையும் கேட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

1980இல் ரொப்சன், குமார் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் தாய்மாரிடம் இதையே கேட்டார்கள். பிள்ளையை முதன்முதல் கையில் வாங்கியபோது மனதில் என்ன இருந்தது? முதற்பிள்ளை பெற்றவர்களில் கிட்டத்தட்ட 40 வீதமானோர், பெரிதாக ஒன்றும் இல்லை என்ற மாதிரித்தான் சொன்னார்கள். ஏற்கனவே பிள்ளை உள்ளவர்களிலும் 25 வீதம். கடும் வலிப்பட்டவர்களிடமும் வலி குறைக்கிற பெத்தடின் ஊசி கூடுதலாக ஏற்றப்பட்டவர்களிடமும் இது அதிகம். பெரும்பாலானோருக்கு ஒரு கிழமைக்குள் பாசம் வந்து சேர்ந்தது. ஆக, பத்து முதற்தாய்மார் படுத்திருக்கிற வார்டில் நாலு பேர் உங்களைப் போலவே முகட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணிக்குக் காத்திருந்திருப்பார்கள். வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி முகம். பெரிய நெற்றி, முகத்தில் கொஞ்சம் கீழே இறங்கின பெரிய கண், உருண்ட கன்னம், சின்ன மூக்கு. இந்த அமைப்புத்தான் பெரியவர்களை இளக வைக்கிறது என்று 1943இலேயே கொன்ராட் லோரன்ஸ் எழுதிவிட்டார். நாய்க்குட்டியைக் கண்டாலும் 'ஐயோ வடிவு' என்று குனிகிறோமே, அதுவும் இதேதான். 2008இல் வந்த ஒரு ஆய்வில் முன்பின் தெரியாத பிள்ளைகளின் முகங்களையும் பெரியவர்களின் முகங்களையும் மாறி மாறிக் காட்டி மூளையின் காந்தப்புலத்தை அளந்தார்கள். பிள்ளை முகம் என்றால் ஒரு செக்கனின் ஏழில் ஒரு பங்குக்குள், கண்குழிக்கு மேலே நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி துடிக்கிறது. 'இது பிள்ளை' என்று நாங்கள் நினைக்க முன்னமே. பெரியவர் முகத்துக்கு அப்படி இல்லை.

அது எந்தப் பிள்ளைக்கும் எழுகிற இளக்கம். சொந்தப் பிள்ளை என்பது வேறு கணக்கு. அதே 2008இல் ஹூஸ்டனில் 28 முதற்தாய்மாரை மூளையைப் படம் பிடிக்கிற ஸ்கானருக்குள் படுக்க வைத்துத் தங்கள் பிள்ளையின் படத்தையும் வேறு பிள்ளையின் படத்தையும் காட்டினார்கள். டோபமின் ஓடுகிற பகுதிகள், அதாவது பசிக்குச் சாப்பாடு கிடைத்தால் கிளம்புகிற அந்தப் பகுதிகள், தன் பிள்ளை சிரிக்கிற படத்துக்குத்தான் நன்றாகக் கிளம்பின. அதே பிள்ளையின் சும்மா இருக்கிற முகத்துக்கும் அழுகிற முகத்துக்கும் அந்த எழுச்சி இல்லை. பிள்ளைகள் ஆளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதே ஆறாம் கிழமை அளவில். பிறந்த அன்று உங்கள் மகனிடம் உங்களுக்குத் தர ஒன்றும் இருக்கவில்லை தங்கச்சி. இப்போது இருக்கிறது.

அழுகை பற்றிப் பின்னேரம் எழுதுகிறேன். முதலாம் பாடத்துக்கு மணி அடிக்கப் போகிறது.

கொக்குவில்_மின்மினி (காலை 9.05)

முகட்டைப் பார்த்துக்கொண்டு தண்ணிக்குக் காத்திருந்த நாலு பேர்! வாசித்துச் சிரித்துவிட்டேன் அண்ணை, அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தா. எனக்கும் ஊசி போட்டார்கள். வலி பதினாறு மணித்தியாலம்.

சுன்னாகம்_சந்தி (காலை 10.20)

இதில் ஆராய்ச்சி என்ன இருக்கிறது? இயற்கை பெண்ணுக்கு அந்தக் காதைக் கொடுத்தது, ஆணுக்குக் கொடுக்கவில்லை. விஞ்ஞானமும் அதைத்தான் சொல்கிறது. 2013இல் ஆண்களையும் பெண்களையும் ஸ்கானரில் சும்மா படுக்க விட்டு நடுவில் பசி அழுகையைப் போட்டார்கள். பெண்களின் மூளை யோசனையை அறுத்துக்கொண்டு அழுகைக்குத் திரும்பியது, ஆண்களின் மூளை தன்பாட்டில் யோசித்துக்கொண்டே இருந்தது. பிள்ளை பெறாத பெண்களுக்கும் அப்படித்தான். தங்கச்சி, அவரைக் குறை சொல்லாதேங்கோ, விடிய எழும்பி வேலைக்குப் போகிற மனுசன்.

கொக்குவில்_மின்மினி (காலை 10.31)

நானும் விடிய எழும்பி வேலை செய்கிற மனுசிதான் அண்ணை. குறை சொல்லவில்லை. தேங்காய்தான் சொன்னேன்.

முறைப்பாட்டுப்_பெட்டி (பகல் 12.10)

சந்தி அண்ணை சொன்ன ஆய்வில் எத்தனை பேர் தெரியுமா? ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டு. எங்கள் ஒழுங்கையில் அதைவிடக் கூட ஆக்கள் இருக்கிறார்கள். காற்று அண்ணையின் ஹூஸ்டன் 28 பேரும் எனக்கு அதே பிரச்சினைதான்.

இன்னொன்று. மூளைப் படத்தில் ஒரு இடம் சிவப்பாக வந்தவுடன் அதன் மேல் 'பாசம்' என்று ஒட்டி விடுகிறோம். பாம்பைக் கண்டாலும் கிளம்புகிற அமிக்டலா என்ற மூளைப் பகுதி பிள்ளை அழுதாலும் கிளம்புகிறது. அது பாசமா, பயமா, எரிச்சலா? படம் சொல்லாது. கடகடவென்று அடிக்கிற குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்கிற ஒருத்தியும், கொக்குவிலில் இரவு மூன்று மணிக்கு ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கிற ஒருத்தியும் ஒரே ஆள் இல்லை.

சைக்கிள்_அண்ணை (பகல் 1.45)

நான் இந்தப் பக்கம் வாசிக்கிறதோடு சரி, எழுதுவதில்லை. சந்தி அண்ணையின் கதைக்காக எழுதுகிறேன்.

மகள் பிறந்து பத்தாம் நாள் மனுசிக்கு வயிற்றுக் காயத்தில் கிருமி பிடித்து மறுபடி வார்டில் மறிக்க வேண்டி வந்தது. பதினேழு நாள். மாமியாருக்கு முழங்கால் ஏலாது. இரவு முழுக்க நான்தான். முதல் மூன்று நாளும் மாமியார் சுவரில் தட்டித் தட்டி எழுப்பினா. நாலாம் நாள் தட்டின கையோடு அவ அறை வாசலுக்கு வந்தபோது நான் ஏற்கனவே போத்தலைச் சுடுதண்ணிக்குள் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தட்டினதே இல்லை. பசிக்கு அழுவது குட்டையாக, விட்டு விட்டு வரும். வயிற்றுக்குத்து என்றால் ஒரே இழுவை, முடிவில் மூச்சு நின்று பிறகு மறுபடி. நனைந்தால் அழுகை இல்லை, முனகல். இதை எனக்கு ஆரும் சொல்லித் தரவில்லை.

மனுசி வீட்டுக்கு வந்த முதல் இரவு, மகள் முனகினவுடன் எழும்பினது நான். அவ நித்திரை. காலையில் அதைச் சொல்லி அழுதா, 'நான் என்ன தாய்' என்று. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் அவ என்னை முந்திவிட்டா. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நான் பழையபடி தேங்காய் விழுந்தாலும் எழும்பாத ஆள்தான்.

அரியாலை_அம்மம்மா (பகல் 2.00)

தம்பி நல்லாயிருப்பீர்.

வேலணைக்_காற்று (பின்னேரம் 4.30)

சைக்கிள் அண்ணை, நீங்கள் பதினேழு நாளில் செய்ததை 2013இல் பிரான்ஸிலும் கொங்கோவிலும் பரீட்சித்துப் பார்த்தார்கள். தாய் தகப்பனுக்கு ஐந்து பிள்ளைகளின் அழுகையைப் போட்டுக் காட்டி, எது உங்களுடையது என்று கேட்டார்கள். ஒரு நாளில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் பிள்ளையோடு இருக்கிற தகப்பன்மார் தாய்மாருக்குச் சமமாகக் கண்டுபிடித்தார்கள். அதற்குக் குறைவாக இருந்த தகப்பன்மார்தான் பின்தங்கினார்கள். பால் வித்தியாசம் என்று நாங்கள் நினைத்தது மணிக்கூட்டு வித்தியாசம்.

மூளையிலும் அதேதான். 2014இல் இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மனின் ஆய்வுக்குழு மூன்று வகைப் பெற்றாரை எடுத்தது. பிள்ளையை முக்கியமாகப் பார்க்கிற தாய்மார், அவர்களுக்கு உதவி செய்கிற தகப்பன்மார், தாய் இல்லாத வீட்டில் தாங்களே முழுக்க வளர்க்கிற தகப்பன்மார். இந்த மூன்றாவது வகையினரின் அமிக்டலா தாய்மாருடையது அளவுக்கே கிளம்பியது. தகப்பன் பிள்ளையோடு எவ்வளவு நேரம் மினக்கெடுகிறாரோ, அமிக்டலாவுக்கும் மற்றவரின் முகத்தையும் குரலையும் வாசிக்கிற பகுதிக்கும் இடையிலான தொடர்பு அவ்வளவு இறுக்கமாக இருந்தது.

பெட்டி, நீங்கள் சொன்னது சரி. ஆட்கள் குறைவு. படத்தில் பெயர் எழுதியில்லை. ஆனால் ஸ்கானரை விட்டு வீட்டுக்குள் போன ஆய்வும் இருக்கிறது. 2017இல் மார்க் போர்ன்ஸ்டீனும் கூட்டாளிகளும் 11 நாடுகளில் 684 முதற்தாய்மாரை வீட்டிலேயே வைத்து வீடியோ எடுத்தார்கள். கென்யா, ஜப்பான், பிரேசில், பெல்ஜியம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஊர்கள். ஐந்து மாதப் பிள்ளை அழுதால் தாய் முதலில் என்ன செய்கிறாள்? கொஞ்சுவது இல்லை. விளையாட்டுச் சாமான் காட்டுவதும் இல்லை. பால் கொடுப்பதுகூட முந்தவில்லை. எல்லா ஊரிலும் முன்னுக்கு நின்றது இரண்டு வேலை, தூக்குவதும் கதைப்பதும். அம்மாமார் 'என்னடா குஞ்சு, என்னடா' என்று எடுப்பதை அப்படியே எழுதியிருக்கிறார்கள்.

அதே குழு அமெரிக்க, சீன, இத்தாலியத் தாய்மாரின் மூளையையும் பார்த்தது. பதிவு செய்து வைத்த அழுகையை ஹெட்ஃபோனில் போட்டபோது கிளம்பிய இடங்களைக் கேளுங்கோ. ஒன்று, கை கால் அசைய முன் அந்த அசைவை ஆயத்தப்படுத்துகிற பகுதி. மற்றது, பேச்சை ஆயத்தப்படுத்துகிற பகுதி. பிறகு, ஒலியைப் பிரித்துக் கேட்கிற பகுதி. அந்தத் தாய் ஸ்கானருக்குள் அசையாமல்தான் படுத்திருக்கிறாள். மூளை பிள்ளையைத் தூக்கத் தொடங்கிவிட்டது.

இதனால்தான் பாசம் என்ற சொல்லை விட்டுவிட்டு இதைப் பார்த்தால் எனக்கு நன்றாக விளங்குகிறது. நெஞ்சுக்குள் எதுவோ பொங்குவதற்குக் காத்திருந்து பிறகு தூக்குவதில்லை. தூக்கித் தூக்கித்தான் பொங்குகிறது. எலியிலும் கண்டிருக்கிறார்கள். பிள்ளை பெறாத பெண் எலி, குஞ்சு கூட்டை விட்டு விலகிக் கத்தினால் கவனிக்காது. அதற்கு ஒக்சிடோசின் என்ற ஓமோனைக் கொடுத்து, தாயும் குஞ்சும் இருக்கிற கூட்டில் விட்டால் கொஞ்ச நாளில் குஞ்சைக் கவ்வி வரப் பழகுகிறது. 2015இல் நியூயோர்க்கில் செய்தது. அதன் இடப்பக்கக் கேட்டல் பகுதி அந்தக் கத்தலுக்குத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. ஓமோனும் வேண்டும், குஞ்சுகளோடு கிடந்த நாட்களும் வேண்டும்.

கொக்குவில்_மின்மினி (பின்னேரம் 5.10)

இதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். நாலு மணித்தியாலம் என்ற இடத்தில் ஃபோனைத் தரச் சொல்லித் தானே வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணை, இன்னொரு கேள்வி. பிள்ளை பெற்றால் மூளை சுருங்கும் என்று எங்கேயோ பார்த்தேன். உண்மையா? நேற்று அலுமாரித் திறப்பைத் தேடித் தேடிக் கடைசியில் ஃபிரிஜ்ஜுக்குள் எடுத்தேன், தயிருக்குப் பக்கத்தில்.

வேலணைக்_காற்று (பின்னேரம் 5.35)

அந்தத் தலைப்பு ஆளைப் பயப்படுத்தப் போட்டது. ஸ்பெயினில் 25 முதற்தாய்மாரைக் கருத்தரிக்க முன்னமும் பிள்ளை பிறந்த பிறகும் ஸ்கான் பண்ணினார்கள். 2016 முடிவில் வெளிவந்தது. மற்றவரின் மனதை ஊகிக்கிற பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் குறைந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்தும் அப்படியே. தன் பிள்ளையின் படத்துக்குக் கிளம்புகிற பகுதிகளும் இவற்றோடு பொருந்தி வந்தன. நினைவாற்றலில் குறைவு காணவில்லை. பப்பா மரத்துக்குப் பழுத்த இலை கழிவது மாதிரி, வேண்டாததைக் கழித்து இருப்பதைக் கூராக்குவதாகத்தான் அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

திறப்புக்குக் காரணம் நித்திரை.

கிளினிக்_புதன் (இரவு 7.20)

நான் ஓய்வு பெற்ற குடும்பநல மாது. சைக்கிளில் வீடு வீடாகப் போன காலத்து ஆள். இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்கு இன்றைக்கு நித்திரை வராது.

மகள், மோட்டர், மழை, காற்றாடி என்று இரைச்சலுக்குள் அழுகை கேட்பதை எத்தனையோ தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம். சத்தமே இல்லாத அறையில் ஆரோ கதைப்பது போல, இதைச் செய் அதைச் செய் என்று சொல்வது போலக் கேட்டால் அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாவூறு கழித்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. (அரியாலை அம்மா கோபிக்க வேண்டாம்.)

மற்றது, முதல் நாளில் ஒன்றும் தோன்றாமல் பிறகு தோன்றினது உங்கள் கதை. அது நல்ல கதை. இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பிள்ளை அழுதாலும் எங்கோ தூரத்தில் கேட்கிறது போல இருக்கிற தாய்மாரைத்தான் நாங்கள் தேடித் திரிந்தோம். தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ படிவம் என்று பத்துக் கேள்வி இருக்கிறது, 1987இல் வந்தது. அதை நேர்மையாக நிரப்புகிறவர்கள் குறைவு, ஏனென்றால் மாமியார் பக்கத்தில் நின்று பார்ப்பா. நான் மாமியாரைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். சீனி போடாமல், இஞ்சி தட்டிப் போட்டு. அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

வேலணைக்_காற்று (இரவு 7.45)

புதன் அக்கா சொன்ன 'தூரத்தில் கேட்கிறது' என்பதை 2012இல் ஸ்கானரிலும் கண்டார்கள். மனச்சோர்வில் இருந்த தாய்மாருக்குத் தன் பிள்ளையின் அழுகைக்கு மூளை எழும்புவது மங்கியிருந்தது. அது பாசமில்லாத தாய் என்று இல்லை, சுகமில்லாத தாய். இஞ்சித் தேத்தண்ணி முறையை நான் என் வகுப்பில் சொல்லப்போகிறேன்.

சாவகச்சேரி_முருங்கை (இரவு 9.30)

கை ஆயத்தமாகிறது என்று காற்று அண்ணை எழுதினதை வாசித்ததில் இருந்து ஒன்றை எழுதுவோமா விடுவோமா என்று இருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது எனக்கு நாலு மாதம். அம்மா என்னை இடத்தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலம் வரைக்கும் நடந்தா, மழைக்குள்ளே. எனக்கு ஒன்றும் நினைவில்லை, அம்மா சொன்னதுதான். நடந்தது என்றாலும் நடை இல்லை, ஒரு அடி வைத்தால் அரை மணித்தியாலம் நிற்பது. அந்த இருட்டுக்குள் எத்தனை பிள்ளைகள் அழுதன என்று எண்ண முடியாது. ஒவ்வொரு பிள்ளை வீரிடும்போதும் அம்மாவின் வலக்கை தோளுக்குப் போகுமாம், நான்தான் என்று. நான் நித்திரை. தோளில் கிடக்கிற பிள்ளை அழுகிறதா இல்லையா என்று தனக்கே தெரியாமல் போனதைத்தான் அம்மா இன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வா. செத்தது, கொண்டு வந்தது, விட்டது எல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

இப்போது அம்மாவுக்கு அறுபத்தெட்டு. பஸ்ஸில் ஆருடைய பிள்ளை அழுதாலும் அந்தக் கை தோளுக்குப் போய்த் திரும்பும். சட்டையைச் சரிசெய்கிறா என்றுதான் மற்ற ஆக்கள் நினைப்பார்கள்.

முறைப்பாட்டுப்_பெட்டி (இரவு 9.52)

இதற்கு நான் ஆட்களின் எண்ணிக்கை கேட்க மாட்டேன் தம்பி.

கொக்குவில்_மின்மினி (அடுத்த நாள், இரவு 1.15)

அப்டேட் ஒன்று. நேற்று பின்னேரம் ஃபோனை வாங்கி வாசித்தார் என்றேனே, அதற்குப் பிறகு தானாகவே ஏதோ தேடி வாசித்திருக்கிறார். ஜப்பானில் 2022இல் கண்டதாம், அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நிற்காமல் நடக்க வேண்டும், நித்திரையானதும் உடனே கிடத்தாமல் ஐந்து தொடக்கம் எட்டு நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். விறாந்தையில் நடக்கிறார், கையில் மணிக்கூடு. நான் அறைக்குள் படுத்திருந்து கேட்கிறேன். நாலரை நிமிஷத்தில் பிள்ளை அடங்கிவிட்டான், இவர் மிச்ச அரை நிமிஷத்தையும் நடந்து முடித்தார். ஏணையில் கிடத்தினபோது கயிறு கிரீச்சிட்டு மறுபடி முழித்துவிட்டான். ஜப்பானில் ஏணை இல்லைப் போல.

அரியாலை_அம்மம்மா (காலை 5.05)

கயிற்றுக்கு நல்லெண்ணெய் தடவுங்கோ. வளையத்திலும்.

சாவகச்சேரி_முருங்கை (காலை 8.40)

இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் கதை வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கானர் பகுதியில் மட்டும் மறித்து மறித்துக் கேட்டா. தாய் மெஷினுக்குள் என்றால் பிள்ளை எங்கே என்றா. பிள்ளை அங்கே இல்லை அம்மா, அழுகையை முதலிலேயே ரெக்கோட் பண்ணி வைத்திருந்து போடுகிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டா: "அப்ப ரெக்கோட் பண்ணி முடியுமட்டும் அந்தப் பிள்ளையைத் தூக்காமலோ வைச்சிருந்தவை?"

காற்று அண்ணை, அம்மா பதிலுக்கு இருக்கிறா.